மிஸ்ஸி அணைத்த கயிறு

மிஸ்ஸி என் கடையில் ஒரு நாளும் எதுவும் வாங்கியதில்லை. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் வருவார். மாலை நாலு மணிக்கு வந்து, தூணில் தொங்கும் கயிற்றைப் பிடித்து, வெற்றிலை நனைக்க நான் வைத்திருக்கும் தகர டப்பாத் தண்ணீரில் அதன் நுனியை முக்குவார். ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வரும். கயிற்றைப் பழையபடி தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் முதுகு மறையும்வரை காத்திருந்து, ஈர நுனியை வெட்டிவிட்டு, நான் மறுபடியும் ஏற்றுவேன். இதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது குறைவு.

கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தேக்காச் சந்தைக்கு எதிர்வரிசையில், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடைவாசல் நடைபாதையில், தூணை ஒட்டி ஒரு பலகையும் நாலு தட்டும். வெற்றிலை, பாக்கு, சோடா, மிட்டாய்ப் புட்டி, தலைவலி மாத்திரை எல்லாம் பேருக்கு இருந்தன. கடை நின்றது சிகரெட்டில்தான். டின்னை உடைத்து ஒன்று, இரண்டு என்று சில்லறையாக விற்பேன். ஒரு சிகரெட் வாங்குகிறவன் தீப்பெட்டி வாங்க மாட்டான். அதனால் எல்லாப் பெட்டிக்கடையிலும் போல என் தூணிலும் ஒரு தேங்காய் நார்க் கயிறு தொங்கும். அதன் நுனியில் நாள் முழுவதும் நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். வாங்குகிறவன் குனிந்து, பற்றவைத்துக்கொண்டு போவான்.

காலையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றி, அந்த விளக்கிலிருந்துதான் கயிற்றுக்கு நெருப்பு எடுப்பேன். கடை கட்டும்வரை அது அணையக்கூடாது, அணைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று எனக்கு முன்னால் கடையை நடத்தியவர் சொல்லியிருந்தார். நானும் நம்பினேன்.

அந்த நெருப்பைத்தான் மிஸ்ஸி அணைத்தார்.

ஆஸ்பத்திரித் தாதியை மிஸ்ஸி என்று கூப்பிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதனால் அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு, வெள்ளைக் கவுன், வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து, கறுப்புக் குடை. நெஞ்சுநோய்க் கிளினிக்கில் வேலை. காசநோய்க்காரர்கள் மருந்தை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். அவர் நடப்பதைப் பார்த்தால் யாரோ பின்னால் துரத்துவதுபோல் இருக்கும். உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்தினால் பையை அதன்மேல் வைத்துவிட்டு நிற்பார். ஒரே ஒரு தடவை தவிர, அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

முதல் நாள் அவர் கயிற்றை முக்கியபோது, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு ஆள் வாயில் சிகரெட்டோடு அதை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தான். நெருப்பைக் காணாமல் நிமிர்ந்தான்.

“என்னண்ணே, கடைக்கு பொம்பா வண்டி வந்துட்டுப் போயிருச்சா?” என்றான். பொம்பா என்றால் தீயணைப்புக்காரர்கள்.

எனக்குப் புது ஆட்களிடம் பேச நாக்கு எழும்பாது. இருந்தாலும் மனசு கேட்காமல், “அது சாமி விளக்குல ஏத்தின நெருப்பு மிஸ்ஸி” என்றேன்.

“சாமியோ சிகரெட் பத்தச் சொன்னவர்?”

“அப்படிச் சொல்லாதீங்க மிஸ்ஸி” என்று மூட்டைக்காரன் குறுக்கே வந்தான். “முனீஸ்வரனுக்கு நாங்க சுருட்டு வெச்சுத்தானே கும்பிடுறோம்?”

“அவருக்கு நான் எக்ஸ்ரே எடுக்கத் தேவையில்லை. உமக்கு எடுக்கோணும். எத்தனை நாளா இந்த இருமல்?”

அவன் இருமியதை நான் கவனித்திருக்கவே இல்லை. மிஸ்ஸி தெருமுனையிலேயே கேட்டிருக்கிறார். அவன் சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு நழுவிவிட்டான்.

நெருப்பையும் புகையையும் அவரால் கடந்து போக முடியாது. அதுதான் அவர். டிராலி பஸ்ஸில் ஏறினால் முதல் வேலையாக ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவார். வெளியே அடைமழை பெய்தாலும் திறப்பார். இதை எனக்குச் சொன்னவன் சின்னையா. அந்த பஸ்ஸில் அவன்தான் கண்டக்டர். என் கடைக்கு மேல்மாடி அறையில் மனைவி மாரியம்மாவோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் குடியிருந்தான்.

“ஜனங்க எல்லாம் நனைஞ்சு கத்துறாங்கடா முருகேசு. மழை உள்ள வருது மிஸ்ஸின்னு சொன்னேன். அதுக்கு என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘மழை நெஞ்சுக்குள்ள போகாது, புகை போகும்’. ஒரு சீன ஆயா குடையை விரிச்சுக்கிட்டு சீட்ல உக்காந்திருந்துச்சு. நான் சிரிச்ச சிரிப்புல டிக்கெட்டைக் கிழிக்கவே முடியல.”

சின்னையா அப்படித்தான் பேசுவான். மிஸ்ஸி மாதிரியே பேசிக் காட்டுவான், நடந்து காட்டுவான். நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசிவிடுவதால் அவன் பக்கத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி. எனக்குப் பெண் பார்க்கப் போனபோதுகூட நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன், எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது அவன். “மாப்பிள்ளைக்கு வாய் இருக்கா?” என்று பெண்ணின் பெரியப்பா கேட்டதற்கு, “இருக்கு, நல்ல நாளுக்குன்னு எடுத்து வெச்சிருக்கான்” என்றான்.

அந்தக் கல்யாணத்துக்கு மிஸ்ஸியும் வந்தார். அவரைக் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை. சின்னையாதான் கூப்பிட்டிருந்தான். அப்போதெல்லாம் கல்யாண வாசலில் சந்தனம், கற்கண்டோடு ஒரு வெள்ளித் தம்ளரில் சிகரெட்டுகளைச் செருகி வைத்து, வருகிற ஆண்களுக்கு நீட்டுவது மரியாதை. வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அப்படித்தான். தட்டில் சிகரெட் இல்லையென்றால் வந்தவரை மதிக்கவில்லை என்று அர்த்தம். மிஸ்ஸி உள்ளே நுழைந்தார், தம்ளரைப் பார்த்தார், சிகரெட் அத்தனையையும் உருவித் தன் பையில் போட்டுக்கொண்டு, தம்ளர் நிறையக் கற்கண்டை அள்ளி வைத்துவிட்டு, முன்வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஒரு சிகரெட்டுக்கு வழியில்லாத வீட்டுலயா பொண்ணைக் குடுக்கிறோம்?” என்று எழுந்துவிட்டார். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

சின்னையா ஓடிவந்தான். “பெரியப்பா, மாப்பிள்ளையே சிகரெட்டுக் கடைக்காரன். ஆயுசு பூரா ஓசியில பிடிக்கப் போறீங்க. இன்னைக்கு ஒரு நாள் கல்கண்டு சாப்பிடுங்கலா.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். என் கல்யாணம் நடந்தது அந்தச் சிரிப்பால்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். பின்னால் நடந்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

மிஸ்ஸியின் பேச்சை யாராவது கேட்டார்களா என்றால், நான் பார்த்தவரையில் கேட்டவர்கள் குறைவு. ஒரு நாள் கிளினிக்கிலிருந்து இரண்டு எக்ஸ்ரே படங்களைக் கொண்டுவந்து, என் கடை முன்னால் வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“வடிவாப் பாருங்கோ. இது சிகரெட் பத்திற ஆள். இது பத்தாத ஆள். வித்தியாசம் விளங்குதோ?”

ஏழெட்டுப் பேர் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“ரெண்டும் பேய் மாதிரிதான் இருக்கு மிஸ்ஸி” என்றான் ஒருவன்.

“இந்தப் பேய்க்கு எலும்பு கொஞ்சம் அழகா இருக்கு” என்றான் இன்னொருவன்.

மிஸ்ஸி கோபப்படவில்லை. கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். அதுதான் அவருடைய பலம். திட்ட மாட்டார், கெஞ்ச மாட்டார், நிற்பார். அவர் நிற்க நிற்க நமக்குத்தான் உடம்பு கூசும். ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசி ஆள் என்னிடம் சிகரெட் கேட்டான். நான் கொடுத்தேன்.

“நீர் பத்திறேல்லை, என்ன?” என்று மிஸ்ஸி கேட்டார்.

“இல்ல மிஸ்ஸி. விக்கிறதோட சரி.”

“கெட்டிக்காரன்” என்றார். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அந்த வருஷ மழைக்காலத்தில் சின்னையா டிக்கெட்டுக் கட்டின்மேல் ரத்தமாக இருமினான். காசம் என்றார்கள். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், வேலைக்கு லீவு கொடுத்தார்கள். மிஸ்ஸி தினமும் மாடிப்படி ஏறி இறங்கினார். சில மாதங்களில் முகம் தெளிந்து, மறுபடியும் மிஸ்ஸி மாதிரி நடந்து காட்ட ஆரம்பித்தான். அப்போதுதான் ஒரு நாலு மணிக்கு மிஸ்ஸி கயிற்றைத் தொடாமல் என் முன்னால் நின்றார்.

“தம்பி, டொக்டர் சொல்லிப்போட்டார். மருந்து ஒரு பக்கம் கட்டுது, புகை மற்றப் பக்கம் இடிக்குது. இவர் சிகரெட்டை விடாட்டில் நெஞ்சு மிஞ்சாது. ரெண்டு பெண்பிள்ளையள்.”

நான் தலையாட்டினேன்.

“மற்ற ஆக்களுக்கு நீர் விக்கிறதை நான் தடுக்க ஏலாது. இவர் ஒருத்தருக்குக் குடுக்காதையும். நீர் குடுக்காட்டில், நானும் உம்மடை கயிற்றைத் தொடமாட்டன். சரியே?”

“சரி மிஸ்ஸி.”

“வாக்கு?”

“வாக்கு.”

மறுநாள் நாலு மணிக்கு வந்தார். கனன்றுகொண்டிருந்த கயிற்றைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. போய்விட்டார். நெருப்பைத் தொடாமல் போவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அந்தக் கை கட்டலில் தெரிந்தது.

சின்னையா மூன்று நாள் என்னிடம் கேட்கவில்லை. நாலாவது நாள் படியிறங்கி வந்து தூணில் சாய்ந்துகொண்டான்.

“முருகேசு, வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்காரு. சிலேத்தார் பக்கத்துலேருந்து, எங்க தூரத்துச் சொந்தம். ரெண்டு குடு.”

“உனக்கு...”

“எனக்கா கேட்டேன்? விருந்தாளிக்குடா. வெறுந்தட்டையா நீட்டுவாங்க? உன் கல்யாணத்துல பட்டது போதாதா?”

கொடுத்தேன். ஒரு வெற்றிலையில் வைத்து மடித்து, விருந்துக்குக் கொடுக்கிற மாதிரியே கொடுத்தேன். அடுத்த நாளும் விருந்தாளி இருந்தார். அதற்கடுத்த வாரம் வேறு விருந்தாளி. மாடியில் இருப்பது ஒரே அறை. படி என் கடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. யார் ஏறினாலும் எனக்குத் தெரியும். யாரும் ஏறவில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனாலும் “விருந்தாளிக்கு ரெண்டு” என்று அவன் சிரித்துக்கொண்டே கை நீட்டும்போது, எனக்கு ‘இல்லை’ என்ற சொல் தொண்டையைத் தாண்டவில்லை. எனக்காகப் பேசியவன். அவனிடம் எப்படிப் பேசுவது?

மிஸ்ஸி எப்போதாவது, “அவருக்குக் குடுக்கிறேல்லைத்தானே?” என்று கேட்பார்.

“அவருக்குக் குடுக்கல மிஸ்ஸி” என்பேன். பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். விருந்தாளிக்குத்தானே கொடுக்கிறேன்.

ஆனால் மணி மூன்றரை ஆனால் தெருமுனையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். சில்லறையை மாற்றிக் கொடுப்பேன், சோடாவைக் கைதவறி விடுவேன். கயிற்றைப் பார்க்கவே பிடிக்காது. முன்பு அவர் அணைத்துவிட்டுப் போனபோது வந்த எரிச்சல் எவ்வளவோ மேல். இப்போது அவர் தன் வாக்கைக் காப்பாற்றுவதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு கடந்து போவதைத் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. ‘அணைத்துவிட்டுப் போங்களேன்’ என்று கத்தலாம்போல் இருக்கும். கத்தவில்லை. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

ஒரு மத்தியானம் மிஸ்ஸி கையில் புது எக்ஸ்ரே உறையோடு நேரே மாடிக்குப் போனார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவரின் குரல் கீழே எனக்குக் கேட்டது.

“பிள்ளை, பொய் சொல்லாதையும். குளிசையை என்ன செய்தனீர்? ஜன்னலாலை எறிஞ்சனீரோ?”

“ஐயோ மிஸ்ஸி, ஒண்ணு விடாம நான்தான் கையில வெச்சு முழுங்க வெக்கிறேன். பிள்ளைங்க மேல சத்தியம்.”

“முழுங்கினவரெண்டால் படம் ஏன் இப்பிடி இருக்குது? ஒரு பக்கம் முழுக்கக் கெட்டுப்போச்சுது. சிகரெட்டும் இல்லை, குளிசையும் விழுங்கிறார். அப்ப என்னெண்டு இப்பிடி வரும்? நீர்தான் ஒழுங்காய்ப் பாக்கேல்லை.”

மாரியம்மா அழுதாள். அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். சின்னையாவும் அந்த அறையில்தான் இருந்தான். எந்த நேரமும் பேசுகிறவன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கீழே வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சின்னையாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வேனில் ஏறும்போது மாரியம்மா துணிமூட்டையை நீட்டினாள். பக்கத்து அறைக்காரி ஒருத்தி, “புருஷனுக்கு மாத்திரை குடுக்கத் தெரியல, துணி மட்டும் மடிக்கத் தெரியுது” என்றாள். மாரியம்மா தலையாட்டினாள். அவளே அதை நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது.

அன்றைக்கு நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நான் கயிற்றைப் பிடித்து, டப்பாத் தண்ணீரில் முக்கினேன். அதே ‘உஸ்’. ஈரக் கயிற்றைத் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மிஸ்ஸி வந்தார். கையைப் பின்னால் கட்டப் போனவர் நின்றார்.

“ஏன் அணைஞ்சிருக்கு? நான் தொடேல்லையே.”

“நான்தான் மிஸ்ஸி.”

“ஏன்?”

மாடிப் படியைக் காட்டினேன். அவர் படியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எவ்வளவு நாளா?”

“ஆரம்பத்துலேருந்தே. விருந்தாளிக்குன்னு கேப்பான்...”

“ஆர் விருந்தாளி?”

மிஸ்ஸி வழக்கம்போல் ஸ்டூலின்மேல் வைத்திருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பார்த்து அவர் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். சப்பாத்தில் சேறு காய்ந்திருந்தது. இவ்வளவு வயதானவரா என்று அப்போதுதான் பார்த்தேன்.

“அந்தப் பிள்ளையை எல்லாருக்கும் முன்னாலை பேசிப்போட்டன்” என்றார்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்து மாடிக்குப் போனார். முதலில் பக்கத்து அறைக் கதவுகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எல்லாரையும் வெளியே கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் மாரியம்மாவிடம், “பிழை உம்மடையில்லை, பிள்ளை. நான்தான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்” என்றார். யாருடைய பிழை என்று சொல்லவில்லை. என் பெயர் வரும் வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வரவே இல்லை.

இறங்கி வந்து பையை எடுத்தார். அணைந்த கயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்.

“நாளைக்கு ஏத்தி வையும்” என்றார். “அணைக்க வாறன்.”

மறுநாள் நாலு மணிக்கு அந்த ‘உஸ்’ சத்தம் கேட்டபோதுதான் ஒரு வருஷத்துக்குப் பிறகு எனக்கு முழு மூச்சு வந்தது.

சின்னையாவுக்கு ஆபரேஷன் செய்து, விலா எலும்புகளை எடுத்து, நோய்ப்பட்ட பக்க நெஞ்சை அமுக்கிவிட்டார்கள். பல மாதம் கழித்து, ஒரு தோள் இறங்கி, சட்டை ஒரு பக்கம் தொங்க, திரும்பி வந்தான். கண்டக்டர் வேலை போய், டிப்போ வாசலில் உட்காரும் வேலை கொடுத்தார்கள். வந்த மூன்றாம் நாள் தூணில் சாய்ந்தான்.

“விருந்தாளிக்கு ரெண்டு” என்றான். சிரிப்பு பழைய சிரிப்புதான். மூச்சுதான் பாதியில் நின்றது.

“விருந்தாளியக் கூட்டிட்டு வா” என்றேன். “நானே பத்தவெச்சுக் குடுக்கிறேன்.”

என்னை ஒரு மாதிரி பார்த்தான். “பேச வந்துருச்சா உனக்கு? என்கிட்டயேவா?” என்றான். பிறகு இறங்கிய தோளோடு பக்கத்துக் கடைக்கு நடந்தான். அங்கே ஒன்று வாங்கி, என் பக்கம் திரும்பி நின்றே பிடித்தான்.

நான் ஒருவன் கொடுக்காமல் இருந்து என்ன பயன்? அந்த வீதியில் என்னையும் சேர்த்து நாலு கடை. மறுநாள் மத்தியானம் கடையை என் மனைவியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். முதல் கடை மலையாளத்து முஸ்லிம் ஒருவருடையது, காக்கா என்று கூப்பிடுவோம். போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நல்ல மனுஷர், சட்டென்று சம்மதித்தார். அடுத்தது ஒரு சீனக் கிழவர். தெரிந்த மலாயில் சொன்னேன், நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், ஒரு தோளை இறக்கிக் காட்டினேன். அவர் தன் தம்பியும் அப்படித்தான் போனான் என்று சொல்லித் தலையாட்டினார்.

மூன்றாவது கடைக்காரர் வீரப்பன், தமிழர். அவர்தான் கஷ்டம்.

“கடைக்காரன் கடைக்காரன்கிட்ட வந்து விக்காதேங்கிறான்லா! நாளைக்கு வெத்தலையும் விக்காதேம்பே. அந்த மிஸ்ஸி உனக்குச் சம்பளம் குடுக்குதா?”

திரும்பிப் போகக் கால் வரவில்லை. மிஸ்ஸி நிற்பதுபோல் நின்றேன். வருகிற ஆட்கள் என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். வியர்த்துக் கொட்டியது.

“சரி, சரி, போய்த் தொலை. அவனுக்குக் குடுக்கல. இங்க நிக்காதே, வர்றவன் ஏதோ சாவு வீடுன்னு நெனைக்கிறான்.”

ஒரு வாரம் சின்னையா என் முகத்தில் விழிக்கவில்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து வந்து என் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். பேச முடியாமல் மூச்சு வாங்கினான். சோடா உடைத்துக் கொடுத்தேன்.

“நாலு கடையையும் கெடுத்துட்டியேடா பாவி” என்றான். “அஞ்சாவது கடை அந்த ரோட்டைத் தாண்டி இருக்கு. கிளம்பிட்டேன். பாதியில நின்னுட்டேன். நெஞ்சு வர மாட்டேங்குது. போறதா வர்றதான்னு நடு ரோட்டுல நிக்கிறேன், டாக்ஸிக்காரன் திட்டுறான். ஒரு சிகரெட்டுக்குப் போய்ச் சேர மூச்சு இல்லாதவன் அதைப் பிடிச்சு என்னடா பண்றது?”

சிரிக்கத்தான் சொன்னான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. கற்கண்டுப் புட்டியைத் திறந்து நீட்டினேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

அதோடு அடியோடு விட்டுவிட்டான் என்று எழுத ஆசைதான். டிப்போவில் யாராவது கொடுத்திருப்பார்கள். ஆனால் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவிட்டான். வாசலில் தம்ளர் நிறையக் கற்கண்டு வைத்தான்.

நாலு கடை விஷயத்தை மிஸ்ஸியிடம் மாரியம்மா சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவர் வரும்போது, வெட்கத்தோடுதான் என்றாலும், நல்ல வார்த்தை ஒன்று வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தார், கயிற்றை முக்கினார்.

“சின்னையாவுக்கு நாலு கடையும் சாத்தியாச்சு. நல்லது” என்றார். “மற்ற ஆக்களுக்கு?”

நான் முழித்தேன்.

“முந்திக் காசநோய்க்காரருக்கு மட்டும்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். இப்ப புற்றுநோயும் இதாலை வருமெண்டு டொக்டர்மார் கதைக்கினம். இந்த ரோட்டாலை போற ஆக்கள் எல்லாருக்கும் நெஞ்சு இருக்குத்தானே?”

பதிலுக்கு நிற்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு துரத்தப்படுகிறவர் மாதிரிப் போய்விட்டார்.

பிறகு நகரத்துக்கு வெளியே புது அடுக்குமாடி வீடுகள் எழும்பின. இங்கே நெருக்கி வாழ்ந்தவர்கள் பலர் அங்கே போனார்கள். மிஸ்ஸியையும் அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று காக்கா சொன்னார். என்னிடம் அவர் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. கடைசி நாள் எது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு நாள் வந்து அணைத்தார், மறுநாள் வரவில்லை, அவ்வளவுதான். பெயரைக் கேட்டு வைத்திருக்கலாம். கேட்க வேண்டும் என்று பல நாள் நினைத்து, நாளைக்கு நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் தூணிலேயே ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புகைத்தால் நெஞ்சு கெடும் என்று நாலு பாஷையிலும் இருக்கிறது. பஸ்ஸிலும் படக்கொட்டகையிலும் பிடிக்கக்கூடாது என்று சட்டம் வரப்போகிறதாகப் பேசிக்கொள்கிறார்கள். அப்படி வந்தால் மழையில் யாரும் ஜன்னலைத் திறக்க வேண்டியிருக்காது. என் கடைக்கு வருகிறவர்கள் அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டே கயிற்றில் பற்றவைக்கிறார்கள். சிலர் படித்துவிட்டு ஒன்று வாங்குகிற இடத்தில் வாங்காமல் போவதும் உண்டு. அவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் இன்னும் விற்கிறேன். வேறு தொழில் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். மூன்றரை ஆனால் தெருமுனையைப் பார்ப்பதும் இன்னும் நிற்கவில்லை.

போன வாரம் ஒரு புது ஆள், கட்டட வேலைக்காரன்போல, சிகரெட் வாங்கிக்கொண்டு கயிற்றை நோக்கிக் குனிந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

“என்னண்ணே, நெருப்பு அணைஞ்சிருக்கு?”

“மிஸ்ஸி வந்துட்டுப் போனாங்க” என்றேன்.

“எந்த மிஸ்ஸி?”

பெயர் தெரிந்தால்தானே சொல்ல? தெருவில் எங்காவது வெள்ளைக் கவுன் தெரிகிறதா என்று அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். சந்தைக் கூட்டம்தான் இருந்தது. தகர டப்பாவில் தண்ணீர் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. என் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு பலகையில் விழுந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.